ஆள் உள்ளே இருக்கிறான்

கோரமண்டல், கோலார் தங்க வயல்
7 ஏப்ரல் 2025

ஜெய்பீம்.

என் பேரன் மகிழனுக்கு, தாத்தா தசரதன் சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டு ஜெனிட்டா எழுதுவது. நான் சுகம். முழங்கால் மட்டும் தன் இஷ்டப்படி இருக்கிறது. நேற்று ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா, இல்லை கதவில் தொங்கிக்கொண்டு போனாயா என்று தெரியவில்லை. அதைக் கேட்க இனிமேல் உனக்குப் போன் போடவும் முடியாது. போன் இங்கே என் தலைக்கு மேலே தொங்குகிறது.

அணைத்துவிட்டு டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னாய். காலேஜ் ரிப்போர்ட்டைக் கொடுத்து முடிக்கிறவரைக்கும் நீயே வந்து அழுதாலும் தரக்கூடாது என்றாய். அழுதாலும் தரமாட்டேன். ஆனால் பெட்டியில் பூட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஏன் என்று கேள். நாங்கள் சுரங்கத்தில் இறங்கும்போது ஆளுக்கொரு பித்தளை டோக்கன். அதை ஷாஃப்ட் குழி வாயில் இருக்கிற ஜன்னலில் கொடுத்துவிட்டுத்தான், கீழே இறக்குகிற கூண்டு, அந்தக் கேஜில் ஏறுவோம். அங்கே ஒரு பலகை, பலகை முழுக்க ஆணி. டோக்கன் ஆணியில் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான். மேலே வந்து கையில் வாங்கிக்கொண்டால் ஆள் வெளியே வந்துவிட்டான். ஷிப்ட் முடிந்து வெடி வைக்கிறவன் முதலில் பலகையைத்தான் பார்ப்பான். ஒரு டோக்கன் தொங்கினாலும் வெடி கிடையாது. அதைக் கொண்டுபோய்ப் பெட்டிக்குள் பூட்டினால், உள்ளே ஒருத்தன் இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? அதனால் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டேன். ஜெனிட்டா ரவிக்கைத் துணியில் ஒரு பை தைத்துக் கொடுத்தாள். அணைக்கவும் இல்லை. உள்ளே ஆள் இருக்கும்போது விளக்கை அணைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

மே முப்பத்தொன்றாம் தேதி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய். மார்ச்சிலேயே கொடுத்திருக்க வேண்டியது. இதுவும் தவறினால் ஒரு வருஷம் போச்சு, படித்ததும் சேர ஒரு லேபில் உனக்காக வைத்திருக்கிற வேலையும் போச்சு. மார்ச்சில் தவறினதே ஓசூரில் உன் அப்பா அம்மாவுக்குத் தெரியாது. நான் சொல்லப்போவதும் இல்லை.

ரிப்போர்ட்டுக்கு வேண்டிய, இங்கே பக்கத்துப் பாலகாட் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நவம்பரிலிருந்து மாசா மாசம் நீயே வந்து எடுத்தாய். ஏப்ரல் தண்ணீரையும் சேர்த்தால்தான் புரொபசர் ஒத்துக்கொள்வார் என்றாய். மழை விழுவதற்குள், தண்ணீர் அடியில் கிடக்கும்போதே எடுக்கணும். இந்த முறை நீ வந்தால் கை போன் மேல் போய்விடும் என்றும் நீயே சொன்னாய். நான் எடுக்கிறேன். நீ வைத்துவிட்டுப் போன பாட்டில் இரண்டும் ஜன்னலில் இருக்கின்றன. தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போகிற சிரில் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அவன் சட்டைப்பையில்தான் வருகிறது.

வேளைக்குச் சாப்பிடு.

உன் தாத்தா
தசரதன் (இடது கைப் பெருவிரல் ரேகை)

மகிழா, ரேகை நீலமாக இருக்கிறதே என்று பார்க்காதே. துணியில் குறி போடுகிற மையைத் தடவிவிட்டேன். — ஜெனிட்டா அத்தை


பெங்களூரு
11 ஏப்ரல் 2025

அன்புள்ள தாத்தாவுக்கு ஜெய்பீம். ஜெனிட்டா அத்தைக்கும் வணக்கம்.

உட்காரத்தான் இடம் கிடைத்தது. கிடைத்தும் நிம்மதி இல்லை. பெட்டி முழுக்க எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, ஏதோ வேண்டுதல் இருக்கிறவன் மாதிரி வந்தேன். வந்த நாளிலிருந்து தொடையில் போன் அதிர்கிற மாதிரியே இருக்கிறது. பையில் கை விட்டால் சாவிதான் இருக்கிறது.

உங்களிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். போனை விட்டுவிட்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். லேப்டாப்பை மறந்துவிட்டேன். புதன்கிழமை காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். முதல் வரி எழுதுவதற்கு முன்னால், எந்த எழுத்து வடிவம் பார்க்க நன்றாக இருக்கும் என்று தேடினேன். அப்புறம் வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்று ஒருவர் பேசுகிற வீடியோ வந்தது. அருமையாகப் பேசினார். அவர் பேசிய மற்றதையும் பார்த்தேன். மெஸ்ஸில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள்.

சும்மா இருக்கிறேன் என்று மனசு ஒப்புக்கொள்வதே இல்லை தாத்தா. வேலைக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்கிறது. அதில்தான் மார்ச் வரைக்கும் ஓடிப்போனது.

இப்போது லேப்டாப்பின் சார்ஜர் வயரை ரூம்மேட் ஹரிஷ்குமாரிடம் கொடுத்துவிட்டேன். அவன், "மச்சா, போன் ஊர்ல, வயர் என்கிட்ட. அடுத்து கண்ணைக் கழட்டி யார்கிட்ட கொடுப்ப?" என்கிறான். நூலகத்தில் உட்கார்ந்து கையாலேயே எழுதுகிறேன். அசிங்கமான கையெழுத்து, ஆனால் பக்கம் நகர்கிறது. எழுதி முடித்ததும் வயரை வாங்கி டைப் செய்துவிடுவேன். யாரிடமாவது போன் வாங்கிப் பேசலாமே என்று அத்தை கேட்பார்கள். என்னால் பேசிவிட்டு மட்டும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் கடிதம்.

போனைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். அவசரத்துக்கு என்று பூட்டு திறக்க விரலால் போடுகிற கோட்டை உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது போதும். தண்ணீரை இருபதாம் தேதிக்குள் எடுத்தால் நல்லது. காலேஜ் லேபில் தண்ணீர் சோதிக்கிற மெஷினை மே இரண்டாம் தேதி எனக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்புடன்
மகிழன்


கோரமண்டல்
16 ஏப்ரல் 2025

ஜெய்பீம்.

கண்ணு மகிழனுக்குத் தாத்தா. அம்பேத்கர் ஜெயந்தி ஊர்வலம் நன்றாக நடந்தது. பாண்டு வாத்தியம் பலம். உன்னை விசாரித்தவர்களிடம் எல்லாம், "பையன் புக்கு எழுதிக்கினு இருக்கான்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். எழுதிவிடு.

போன் சங்கதி ஒன்று. ஊர்வலத்தன்று அது பைக்குள்ளேயே விடாமல் கத்தியது. அவசரமோ என்று எடுத்துக் கோடு போட்டுத் திறந்தேன். யாரோ உனக்கு ஊர்வலப் படம் அனுப்பியிருக்கிறான். மூடுகிறேன் என்று பெருவிரலை வைத்ததும் வேறொன்று வந்தது. எந்த நாடோ, ஒரு ஆள் சேறு பிடித்த கம்பளத்தைக் கழுவுகிறான். சேறு போகப் போக அடியிலிருந்து பூ வருகிறது. முழுப் பூவும் வருகிறவரைக்கும் பார்த்தேன். அப்புறம் கற்பாறையில் கிணறு வெட்டுகிறார்கள். அந்த ஆள் கடப்பாரை பிடித்த விதம் தப்பு. அவன் கையில் அடிபடுமோ என்று அதையும் கடைசிவரை பார்த்தேன்.

உன்னிடம் சொல்வதற்கென்ன. பேங்கில் போனால் ஃபாரம் நிரப்பு என்கிறான். ஆஸ்பத்திரியில் சீட்டைப் படித்து அந்த ரூமுக்குப் போ என்கிறான். பஸ் வந்து நின்றால் போர்டை யாரிடமாவது கேட்கணும். இந்த வயசு வரைக்கும் எழுத்து இருக்கிற இடமெல்லாம் என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்தது. இது ஒன்றுதான் உனக்குப் படிக்கத் தெரியுமா என்று என்னைக் கேட்கவில்லை. கைநாட்டு வைக்கிற விரல் இருக்கிறதே, அதுவே போதும் என்கிறது. தள்ளினால் போகிறது, நிறுத்தினால் நிற்கிறது. எவ்வளவு மரியாதை பார்.

ஒரு பீடி பிடிக்கிற நேரம்தான் பார்த்தேன். பயப்படாதே. தண்ணீர் எடுக்க நாளைக்குப் போகிறேன்.

தாத்தா
தசரதன் (ரேகை)

பீடி நேரமாம். மத்தியானம் நான் தையல் மிஷினில் உட்கார்ந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவர் வீட்டிலிருந்து கம்பளம் கழுவுகிற சத்தம்தான். நான் போய், "இன்னா மாமா, சோறு தீயுது, மூக்குல ஏறலியா?" என்றால், "இரு, பூ வரட்டும்" என்கிறார். நான் எழுதினது அவருக்குத் தெரியாது. — ஜெ.


பெங்களூரு
22 ஏப்ரல் 2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் கடிதத்தை நூலக வாசலில் நின்று படித்தேன். சிரித்துவிட்டேன், அப்புறம் உள்ளே போய்ப் பயந்தேன். "நாளைக்கு" என்பது என்னுடைய சொல் தாத்தா. உங்கள் வாயில் நான் கேட்டதே இல்லை.

இரண்டு அத்தியாயம் முடிந்துவிட்டது. உண்மையாகவே முடிந்துவிட்டது. மூன்றாவதில் நவம்பரிலிருந்து மார்ச் வரைக்கும் தண்ணீர் எப்படி மாறியது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஏப்ரலுக்கு ஒரு கட்டம் விட்டு வைத்திருக்கிறேன். தண்ணீர் மிகவும் கீழே போகிற மாதம் அதுதான். மற்ற மாதங்களெல்லாம் அதை நோக்கித்தான் நடந்து வருகின்றன. அது இல்லையென்றால் வழியை மட்டும் எழுதிவிட்டு ஊர் பேரை எழுதாமல் விட்ட மாதிரி ஆகிவிடும்.

சிரில் அண்ணனைத் தினமும் கேட்கிறேன். "தாத்தா பாட்டில் இன்னும் தரல தம்பி" என்கிறார். உங்களுக்கு முடியவில்லை என்றால் சொல்லுங்கள், நான் ஒரு நாள் வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். எழுத்து இப்போதுதான் சூடு பிடித்திருக்கிறது, அதனால்தான் தயங்குகிறேன்.

மகிழன்


கோரமண்டல்
25 ஏப்ரல் 2025

ஜெய்பீம்.

மகிழா, நீ வர வேண்டாம். உள்ளே இறங்கினவன் பாதியில் ஏறி வரக்கூடாது. போன வாரம் வியாழக்கிழமை போகலாம் என்றிருந்தேன், ஷேர் ஆட்டோ வரவில்லை. நேற்று வெயில் தலையைப் பிளந்தது. இன்று முழங்கால். ஜெனிட்டா, "பாட்டில குடுங்க மாமா, நானே போய் மொண்டுக்கினு வரேன்" என்கிறாள். ஏற்றுக்கொண்டவன் நான். வேலையை இன்னொருத்தர் தலையில் கட்டுகிற வழக்கம் எனக்கு இல்லை. திங்கட்கிழமை கட்டாயம் போகிறேன். வானம் பளிச்சென்றுதான் இருக்கிறது. மழை இப்போதைக்கு இல்லை.

தாத்தா (ரேகை)

ஆட்டோ வந்தது. வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போனது. — ஜெ.


கோரமண்டல்
1 மே 2025

ஜெய்பீம்.

மகிழனுக்குத் தாத்தா எழுதுவது. ஜெனிட்டாவை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

திங்கட்கிழமை போகவில்லை. செவ்வாய்க்கிழமை போவதற்காகச் சட்டை போட்டுக்கொண்டு, பாட்டில் இரண்டையும் பையில் வைத்து, ஆட்டோவுக்காகக் கட்டிலில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம்தானே என்று போனை ஆணியிலிருந்து எடுத்தேன். எங்கேயோ மழை பெய்கிறது. பச்சைப் பசேலென்று மலை, ஓட்டு வீடு, மழை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஹாரன் கேட்டது. ஒரு நிமிஷம் என்று நினைத்தேன். ஆட்டோ போய்விட்டது. அடுத்த ஆட்டோவில் போகலாம் என்று மறுபடியும் பார்த்தேன்.

அப்புறம் சத்தம் பெரிசாகக் கேட்டது. போனில் மழை பலமாகிவிட்டது என்று நினைத்தேன். விரலால் தள்ளினேன். கம்பளம் கழுவுகிறவன் வந்தான். அப்போதும் மழைச் சத்தம் நிற்கவில்லை. தலைக்கு மேலே தகரத்தில் பெய்கிறது மகிழா. நம் வீட்டுக் கூரையில் பெய்கிற மழை, போனுக்குள்ளே பெய்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பினேன். ஜெனிட்டா குடையோடு பின்னாலேயே ஓடி வந்தாள். பாலகாட் போய்ச் சேரும்போது மழை விட்டிருந்தது. கிணற்றைச் சுற்றி இருந்த தண்ணீரெல்லாம் உள்ளே இறங்கி, மேலே சருகும் நுரையும் மிதந்தது. கயிறு விட்டு எடுத்துப் பார்த்தேன். டீ கலரில் வந்தது.

பாட்டில் இரண்டிலும் பிடித்து வந்துவிட்டேன். சிரில், "மழைக்கு முன்னாடி எடுத்ததுன்னு சொல்லிட்டா யாருக்குத் தெரியும், ஒரு ராத்திரி வெச்சா தெளிஞ்சிடும்" என்றான். வைத்துப் பார்த்தேன். தெளிந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு நல்ல தண்ணீர்தான். அதனால்தான் பயந்துபோய் வாசலில் கொட்டினேன். காலி பாட்டிலைத்தான் அனுப்புகிறேன்.

ஏப்ரல் தண்ணீர் இல்லை. என்னால்தான் இல்லை. முழங்காலும் இல்லை, வெயிலும் இல்லை.

தசரதன் (ரேகை)


கோரமண்டல்
10 மே 2025

ஜெய்பீம்.

மகிழனுக்கு. ஒன்பது நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சிரிலைக் கேட்டால், "கவரை வாங்கினான், படிச்சான், உள்ள போயிட்டான்" என்கிறான். நீ கோபித்துக்கொள்வது நியாயம். திட்டி எழுதினாலும் ஜெனிட்டா மெதுவாகப் படிப்பாள், நான் கேட்டுக்கொள்வேன். பேசாமல் இருப்பதுதான் இந்த வீட்டில் பெரிசாகக் கேட்கிறது.

நாளை மறுநாள் புத்த பூர்ணிமா. புத்த விகாரைக்குப் போய் உட்கார்ந்தாலும் என் பெருவிரல் தானாக ஆடும் போலிருக்கிறது. பாத்திரம் கழுவும்போது ஆடுகிறது. எண்பதைத் தொடுகிற ஆளுக்கு இது அழகா?

ஒரு முடிவு பண்ணிவிட்டேன். டோக்கனை வைத்துக்கொள்கிறவன் நம்பிக்கையான ஆளாக இருக்கணும். பலகையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கிறவனை நாங்கள் அந்த ஜன்னலில் நிற்க விடமாட்டோம். உன் போனை அதே பையில் போட்டு சிரிலிடம் கொடுத்திருக்கிறேன். உன் பொருள், நீயே வைத்துக்கொள். உன் வேலையை நீ முடிப்பாய். எனக்குத்தான் யோக்கியதை இல்லை.

தசரதன் (ரேகை)

மகிழா, ஆணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வரியாவது எழுது. இதை எழுதப்போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். — ஜெ.


பெங்களூரு
17 மே 2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

உங்கள் மே ஒன்றாம் தேதிக் கடிதத்துக்கு நான் பதில் எழுதாதது கோபத்தால்தான். மூன்று நாள் நல்ல கோபம். "நான் என்னை நம்பாமல்தானே இவரிடம் கொடுத்தேன், இவருமா" என்று ஹரிஷிடம் கத்தினேன். அவன், "உன் தாத்தா ஒரு மாசம் வெச்சிக்கினு கெட்டாரு. நீ ஆறு வருசமா வெச்சிருக்க. யாரை யாரு திட்டறது?" என்றான்.

பிறகு புரொபசரிடம் போய் ஏப்ரல் தண்ணீர் இல்லை என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். எடுக்கிறவரும் நானும் தள்ளிப்போட்டோம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "நடந்ததை நடந்த மாதிரி எழுது, இல்லாத மாதத்தை உண்டாக்காதே" என்றார். தலைப்பிலிருந்த கோடைக்காலம் என்ற சொல்லை எடுத்துவிட்டார். எனக்கு அந்தச் சொல்தான் பிடித்திருந்தது. அது போய்விட்டது. மதிப்பெண்ணும் குறையும். ஆனால் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கலாம், ரிப்போர்ட்டை வாங்கிக்கொள்வார்கள். தேதி மட்டும் அதேதான். முப்பத்தொன்று.

இதையெல்லாம் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன். அப்போதுதான் சிரில் அண்ணன் பையோடு வந்தார்.

தாத்தா, நீங்கள் போனை அனுப்பியிருக்கக் கூடாது. உங்களுக்குப் பதில் எழுதிவிட்டு அதைத் தொடலாம் என்று மேசை மேல் வைத்தேன். ஜெனிட்டா அத்தை தைத்த பையின் நாடாவை மட்டும் அவிழ்த்தேன். யார் யார் தேடியிருக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கலாம் என்று திறந்தேன். கம்பளம் கழுவுகிறவர் வந்தார். நீங்கள் நிறைய பார்த்ததால் இப்போது எனக்கும் அவரையே காட்டுகிறது. நான் கேலி செய்ய நினைத்தேன். பூ வருகிறவரைக்கும் பார்த்தேன். ஐந்து நாள் போய்விட்டது. சத்தியமாக எங்கே போனதென்று தெரியவில்லை. கையால் எழுதின தாள்களெல்லாம் கட்டிலுக்கு அடியில் அப்படியே இருக்கின்றன. டைப் செய்ய வேண்டியது அப்படியே இருக்கிறது.

இன்று காலையில் உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். முதல் கடிதத்தில் நீங்கள் சொன்னதுதான். டோக்கன் ஆணியை விட்டு இறங்கினால் ஆள் வெளியே வந்துவிட்டான் என்றுதானே மேலே இருக்கிறவர்கள் நினைப்பார்கள்? நான் வெளியே வரவில்லை தாத்தா. இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். நீங்கள் டோக்கனை எடுத்துவிட்டீர்கள். வெடி வைத்துவிட்டார்கள்.

எனக்கு யோக்கியமான ஆள் வேண்டாம். ஆணி இருக்கிற ஆள்தான் வேண்டும். இதைக் கொண்டுவருகிற சிரில் அண்ணனிடமே போனையும் கொடுத்து அனுப்புகிறேன். பூட்டு திறக்கிற கோட்டை மாற்றிவிட்டேன். உங்களைச் சந்தேகப்பட்டு இல்லை, பூ இரண்டு பேருக்கும் பொது என்பதால். அவசரத்துக்குப் பூட்டைத் திறக்காமலேயே பேசலாம், ஜெனிட்டா அத்தைக்குத் தெரியும்.

மாட்டிவிடுங்கள்.

மகிழன்


கோரமண்டல்
19 மே 2025

ஜெய்பீம்.

மாட்டிவிட்டேன்.

சிரில் பையைக் கையில் கொடுத்ததும் முதலில் மாட்டிவிட்டு, அப்புறம்தான் கடிதத்தைப் படிக்கச் சொன்னேன். ஜெனிட்டா வெடி என்ற இடத்தில் நிறுத்திவிட்டாள். மறுபடி படிக்கச் சொன்னேன். டோக்கனை நான்தான் இறக்கினேன். ஆள் உள்ளே இருக்கும்போது இறக்கினேன். பெருமைக்காரன் செய்கிற வேலை அது. என் மேல் எனக்கு வந்த கோபத்தில், உள்ளே இருக்கிறவனை மறந்துவிட்டேன்.

கோட்டை மாற்றினது நல்லதாகப் போயிற்று. நேற்று மாலை கை போனது. பழைய கோட்டைப் போட்டேன். உறுமிவிட்டு மூடிக்கொண்டது. அசிங்கமாகத்தான் இருந்தது. பையின் வாயை ஜெனிட்டா தைத்தே விட்டாள். சார்ஜர் வயருக்கு மட்டும் ஒரு காஜா ஓட்டை எடுத்து வைத்திருக்கிறாள். மணி அடித்தால் கட்டிலிலிருந்தே, "ஆள் உள்ள இருக்கான், அப்புறம் வாங்க" என்று சொல்லிவிடுகிறேன். போன் கேட்டுக்கொள்கிறதோ இல்லையோ, எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வார்த்தை வேண்டியிருக்கிறது.

பொழுது போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் நீளமாக இருக்கிறது. ஜெனிட்டா வீட்டு வாசலில் உட்கார்ந்து பட்டன் எடுத்துக் கொடுக்கிறேன். "கலர் மாத்தி குடுக்கறீங்க மாமா, எந்திரிச்சிப் போங்க" என்கிறாள். போகவில்லை.

நீ எழுது. பதில் போடாதே. முடித்துவிட்டு ஒரு வரி போட்டால் போதும்.

தாத்தா
தசரதன் (ரேகை)


பெங்களூரு
30 மே 2025

அன்புள்ள தாத்தாவுக்கு,

கொடுத்துவிட்டேன். இன்று மத்தியானம். சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி மூன்று நாள் ஹரிஷ் வயரைக் கொடுத்துவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவன் போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தான். அதையும் கேட்காமல் டைப் செய்து முடித்தேன். ஏப்ரல் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறேன். கீழே, மழைக்கு முன் தண்ணீர் எடுக்கப்படவில்லை என்று ஒரு வரி. ரிப்போர்ட்டிலேயே நான் வெட்கப்படத் தேவையில்லாத வரி அதுதான். அடுத்த ஏப்ரலில், யார் கேட்காவிட்டாலும், அந்தத் தண்ணீரை எடுக்கப்போகிறேன்.

மதிப்பெண் என்ன ஆகும் என்று தெரியவில்லை. வேலை தருகிற லேப்காரர்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்கிறார்கள். ஹரிஷ் தன் போனை என் காதில் பிடித்துக்கொள்ள, அப்பாவிடம் மார்ச் விஷயத்தை நானே சொல்லிவிட்டேன். தாத்தாவுக்குத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். அப்படியானால் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். போனை யார் கையிலும் கொடுத்து அனுப்ப வேண்டாம்.

மகிழன்


கோரமண்டல்
31 மே 2025

ஜெய்பீம்.

மகிழா, ஸ்டேஷனுக்கு வரமாட்டேன். சிரில் வருவான், உன் பையைத் தூக்கிக்கொள்வான். நான் வீட்டில் இருக்கணும். ஏறி வருகிற ஆள் முதலில் ஜன்னலுக்குத்தான் வரணும், அங்கே டோக்கனோடு ஒருத்தன் நிற்கணும். அது பழக்கம்.

தைத்த வாயை நீயே பிரித்துக்கொள். ஜெனிட்டா பிரிக்கிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். கத்தரிக்கோலை ஆணிக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

எடுத்ததும் அதைத் திறக்காதே. ஒரு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுத் திற. நானும் பக்கத்தில் உட்காருகிறேன். அந்தக் கம்பளக்காரனை ஒரு தடவை பார்க்கலாம். ஒரு தடவைதான். அதற்கு ஜெனிட்டாவையும் கூப்பிட்டிருக்கிறேன். பூ வந்ததும் கையிலிருந்து பிடுங்குகிற வேலை அவளுடையது.

தாத்தா
தசரதன் (ரேகை)

பிடுங்குவேன். — ஜெ.